இல்லாத இருபதடி வழி

என் மச்சான் ஏழுமலைக்கு, கோபம் இன்னும் தீராத அன்போடு எழுதுவது.

நீ போய் இன்றோடு இரண்டு வருஷம். உன் தங்கை செல்வி காலையிலேயே குளித்து, முருங்கைக்கீரை வதக்கி, மசால் வடை சுட்டு, இலை போட்டு, ஓரத்தில் ஒரு பீடிக்கட்டும் வைத்துப் படைத்துவிட்டாள். போன வருஷம் படையலின்போது உன் போட்டோவோடு அரைமணி நேரம் பேசினாள். முட்டி வலி, ரேஷன் கடைக்காரன் போட்ட சண்டை, நீ வைத்த மாமரம் காய்த்தது, எல்லாம் சொன்னாள். இந்த வருஷம் ஒரு வார்த்தை இல்லை. சூடம் ஏற்றினாள், கும்பிட்டாள், போய்விட்டாள்.

என்னோடும் ஆறு நாளாகப் பேச்சில்லை. நம் இருவர் மேலும் சேர்த்துத்தான் கோபம். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ இருந்திருந்தால் இந்தச் சிக்கலுக்கும் யாருக்கும் தோன்றாத ஒரு பக்கத்திலிருந்து விடை கொண்டுவந்திருப்பாய். நீ இல்லை. நான்தான் இருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் உன்னைப் புகழ்வது எனக்குப் பிடித்ததே இல்லை. எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நீ அதோடு நின்று மோட்டார் ரிப்பேருக்குப் போனாய். நான் கணிதத்தில் பட்டம் வாங்கி, வரைவாளர் பயிற்சியும் முடித்து, செங்கல்பட்டில் நில வரைபடம் வரைகிற அரசு வேலையில் உட்கார்ந்தேன். ஆனால் திருப்போரூர் சுற்றுவட்டாரத்தில் எவனுக்காவது ஒரு முடிச்சு விழுந்தால் உன்னைத்தான் தேடி வந்தார்கள். மோட்டாருக்கு மட்டுமா வந்தார்கள்? பாகப் பிரிவினைக்கு வந்தார்கள், பெண் பார்க்கிற சிக்கலுக்கு வந்தார்கள். என்னிடம் வந்தவர்கள் பத்திரத்தில் வடக்கு எது, தெற்கு எது என்று மட்டும்தான் கேட்டார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் அந்தக் கல்யாண மண்டபம் நினைவிருக்கிறதா? தரைக்கு அடியில் எங்கோ தண்ணீர்க் குழாய் கசிகிறது, தொட்டியில் தண்ணீர் நிற்பதில்லை, எங்கே என்று தெரியவில்லை. பெரிய கூடம். மொத்தத் தரையையும் பெயர்க்க ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். அது சித்திரை மாத வெயில். நீ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவையெல்லாம் திறந்து போடுங்கள், யாரும் உள்ளே வராதீர்கள் என்று சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டாய். உச்சிவெயிலில் திரும்பி வந்து பார்த்தால் தெருநாய்கள் மூன்று உள்ளே ஒரே இடத்தில் ஒட்டிப் படுத்திருந்தன. "அதுங்க கீழதான் ஈரம் கீது. அங்க ஒட" என்றாய். நான்கு சதுர அடி உடைத்தார்கள். குழாய் அங்கேதான் வெடித்திருந்தது.

மாமல்லபுரத்தில் அந்தச் சிற்பக்கூடத்துக்கு நானும் உன்னோடு வந்திருந்தேன். ஆளைவிட உயரமான அம்மன் சிலை. கல்லாகக் கொண்டுவந்து போட்டு, வெயிலுக்கு அதைச் சுற்றிக் கொட்டகை எழுப்பி, உள்ளேயே செதுக்கி முடித்துவிட்டார்கள். வெளியே எடுக்கப் போனால் வாசல் உத்தரம் அரையடி இடிக்கிறது. படுக்க வைத்தால் தூக்கிய கை ஒடிந்துவிடும். சாய்த்தால் போகுமா என்று நான் ஒரு காகிதத்தில் கர்ணத்தின் நீளத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ அவர்கள் கம்ப்ரசரை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டே தலையைத் திருப்பி, "தரை மண்ணு தானே, நோண்டிட்டுப் போ" என்றாய். அவ்வளவுதான். அரையடி பள்ளம் வெட்டி, உருளைக் கட்டையில் சிலையை இறக்கி ஏற்றினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சிற்பி உனக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார். நான் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது உன்னிடம் கேட்டேன், எப்படித் தோன்றியது என்று. நீ சொன்னதை இப்போதும் அப்படியே சொல்ல முடியும். "நீங்கள்லாம் கதவாண்டயே நின்னுகினு கதவையே பாத்துகினு இருந்தீங்க மாப்ள. நான் தூரத்துல இருந்தேன்."

அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. கொடுக்கப்பட்டது இது, நிறுவ வேண்டியது அது. கொடுக்கப்பட்டதைத் தொடக் கூடாது. நீ அதைத்தான் முதலில் தொடுவாய்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

தொண்ணூற்றைந்தில் மனை வாங்கினேன். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற சாலைக்கு உள்ளே, ஏரிக்கரையை ஒட்டி இரண்டு கிரவுண்டு. பின்பக்கம் ஏரி, ஒரு பக்கம் மெட்ராஸ்காரர் ஒருவரின் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் கோயில் நிலம். முன்பக்கம்தான் சாலை. சாலைக்கும் என் மனைக்கும் நடுவில் ஒரு நிலம் இருந்தது. அதில் இருபதடி வழி விட்டிருப்பதாக லேஅவுட் வரைபடம் சொன்னது. வீடு கட்டிக் குடியேறினோம். மறுவருஷமே அந்த முன்நிலத்தை லாரி வைத்திருந்த தனசேகரன் வாங்கினார். வாங்கிய கையோடு எட்டடி உயரத்துக்கு மதில் எழுப்பினார். வழி எங்கே என்று கேட்டேன். "எந்த வழி சார்? என் பத்திரத்துல வழியே கிடையாதே" என்றார். மனசு இரங்கியோ என்னவோ, தோப்பு வேலிக்கும் மதிலுக்கும் நடுவில் இரண்டரை அடி சந்து விட்டுவைத்தார்.

அந்தச் சந்தில் நான் பதினோரு வருஷமாக நடக்கிறேன் மச்சான். சைக்கிளை ஹேண்டில்பாரைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எதிரே செல்வி குடத்தோடு வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். மழைக்காலத்தில் பாசி வழுக்கும். சட்டையின் இடது தோள் மதிலில் உரசி உரசி எல்லாச் சட்டையும் ஒரே இடத்தில் கிழியும். ஆபீசில் ஒரு பையன் கேட்டான், சார் தோளில் பை மாட்டுவீர்களா என்று. ஆமாம் என்றேன்.

உனக்கு முதலில் அது ஒரு விளையாட்டு. தொண்ணூற்றெட்டில் செல்விக்கு நீ இரும்பு பீரோ வாங்கினாய். சந்தில் நுழையாது. மதிலுக்கு மேல் தூக்கலாம் என்றால் தனசேகரன் ஆள் விடவில்லை. சித்திரை மாதம், ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நீ நாலு கிலோமீட்டர் சுற்றி, ஏரிக்குள்ளே டிராக்டரை இறக்கி, பின்வாசல் பக்கமாகப் பீரோவோடு வந்து நின்றாய். "வருஷத்துல மூணு மாசம் ஒனக்கு ரோடு கீது மாப்ள, ஊருக்கே இல்லாத அகலத்துல" என்றாய். செல்வி சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். அந்த வீட்டில் நான் சிரித்ததில் அதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் நான் கேஸ் போட்டிருந்தேன். எனக்கு ஏரி வேண்டாம். இருபதடி வழிதான் வேண்டும். வரைபடத்தில் இருக்கிறதே.

இனி எழுதப்போவது உனக்குத் தெரிந்தது. ஊருக்குத் தெரியாது. செல்விக்கு ஆறு நாள் முன்புவரை தெரியாது.

அந்த வரைபடத்தை வரைந்தவன் நான்.

லேஅவுட் போட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார். அழகாக ஒரு படம் வேண்டும், ஏரிக்கரை மனையை எனக்கே ஒதுக்குவதாகச் சொன்னார். முன்நிலம் கிரயம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். அடுத்த வாரம் ஆகிவிடும் என்றார். அந்த வார்த்தையை நம்பி இருபதடி வழியை மையில் இழுத்தேன். கீழே போட்டது வேறொருவர் கையெழுத்து, ஓய்வுபெற்ற அளவர் ஒருவருடையது. முன்நிலத்தை அரசு அளந்து வரைந்து வைத்த புலப்படம் என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. திங்கட்கிழமை எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நிலத்தைப் பார்த்துக் கோடு போட ஆரம்பித்து, பிறகு கோட்டைப் பார்த்து நிலத்தை நம்ப ஆரம்பித்துவிடுவோம். மை காய்ந்ததும் எனக்கு அங்கே வழி இருந்தது. அந்த நிலம் கிரயம் ஆகவே இல்லை. லேஅவுட் போட்டவர் மூன்று மனை விற்றுவிட்டுத் தலைமறைவானார். மற்ற இரண்டு பேர் தங்கள் மனையைத் தனசேகரனிடமே தள்ளிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் நின்றேன்.

மதில் எழும்பிய வாரம் நான் அந்தப் படத்தை உன்னிடம் ஆதாரமாகக் காட்டினேன். நீ வெகுநேரம் பார்த்தாய். வழியைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நான் அழகுக்காகப் போட்டிருந்த தென்னைமரத்தின் மேல் விரலை வைத்தாய்.

"இந்தத் தென்னமரம் ஒன் கல்யாணப் பத்திரிகைல கீது மாப்ள."

பத்திரிகையின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி வரைந்தவன் நான்தானே. ஐந்து மட்டை, ஒன்று மட்டும் தொங்கும். நீ படத்தை மடித்துக் கொடுத்தாய். "செல்விக்குச் சொல்லாத" என்று நான் சொன்னேனா, நீயாகவே சொல்லாமல் இருந்தாயா, இப்போது நினைவில்லை. நீ சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் கண்ணில் ஒரு இரக்கம் இருந்தது. அதை நான் மன்னிக்கவில்லை.

தப்பை ஒத்துக்கொள்ளாதவனுக்குக் கேஸைவிட நல்ல இடம் கிடையாது. வாய்தா, வாய்தா என்று வருஷம் ஓடும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டுவிட்டு, செங்கல்பட்டுக் கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் நின்றேன். என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலைமை வரைவாளர் ஆனார்கள். அடிக்கடி லீவு எடுக்கிறவன் என்று என் பெயர் கீழேயே கிடந்தது. அவர்கள் பெயர் எல்லாம் என் மனசில் வரிசையாக இருக்கிறது. ஒருவன் என் பேனாவை இரவல் வாங்கித் திருப்பித் தராதவன். அவனும் என் மேல் அதிகாரியானான்.

இரண்டாயிரத்து இரண்டில்தான் நீ அந்த யோசனையோடு வந்தாய். தனசேகரனின் லாரி ஷெட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யப் போயிருக்கிறாய். போய் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறாய். மூன்று மணி நேர வேலைக்கு மூன்று நாள். நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"மாப்ள, அந்தாளு லாரியைத் திருப்ப எடமில்லாம பேஜாரா கீறாரு. ரோட்டுல ரிவர்ஸ்லயே வந்து நொழையிறானுங்க. அவருக்குப் பின்னாடி நீளம் வோணும். ஒனக்கு முன்னாடி வாசல் வோணும். ஒன் ரெண்டு கிரவுண்டை அவருக்குக் குடு. ரோட்டோரம் ஒரு கிரவுண்டு தரேன்றாரு. நானே பேசிட்டேன்."

"வீடு?"

"வழி வூட்டாண்ட வரலன்னா இன்னா, வூடு வழியாண்ட போவட்டும். கதவு, ஜன்னலு, மரம், ஓடு எல்லாம் கழட்டிடலாம். செவுரு மட்டும்தான் புதுசு. நான் எண்ணிட்டேன்."

எண்ணிக்கூட விட்டாய். என் வீட்டு ஓடுகளை எனக்குத் தெரியாமல் எண்ணியிருக்கிறாய்.

அன்று நான் பேசியது உனக்கு நினைவிருக்கும். எதிரி வீட்டு டீயைக் குடித்துவிட்டு என்னை விலை பேச வந்தாயா என்றேன். நாயை வைத்துக் குழாய் தேடுகிறவனுக்குச் சட்டம் என்ன தெரியும் என்றேன். இரண்டைக் கொடுத்து ஒன்றை வாங்குவது எந்தக் கணக்கு என்றேன். கடைசியில், "வழியே இல்லாத ரெண்டு, வாசல் கீற ஒண்ணு. எது பெருசுன்னு நீதான் படிச்சவன், நீ சொல்லு" என்றாய்.

அந்த மாற்றுப் பத்திரத்தில் அங்கே வழி இல்லை என்று எழுத வேண்டியிருக்கும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செல்வி சமையலறையில் இருந்தாள். நீ குரலைத் தாழ்த்திப் பேசியது அவளுக்காகத்தான். என் மானத்தை நீ காப்பாற்றிக்கொண்டே என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாய். அது புரியப் புரிய எனக்கு ஆத்திரம் கூடியது. இனிமேல் என் வாசலில் கால் வைக்காதே என்றேன். "வாசலு எங்க கீது மாப்ள" என்று நீ கேட்டிருந்தால்கூடச் சண்டையாகிப் பிறகு சமாதானம் ஆகியிருப்போம். நீ கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கிப் போனாய்.

நாலு வருஷம் பேச்சில்லை. செல்வி மட்டும் உன் வீட்டுக்கு வந்து போவாள். என்னதான் தகராறு என்று என்னைக் கேட்டாள். உன்னையும் கேட்டிருப்பாள். என்ன சொன்னாய்?

அப்புறம் அந்தக் கார்த்திகை மாதம். நாலு நாள் பெய்த மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், நீயாகவே வந்தாய். இளைத்திருந்தாய். செல்வி உனக்குச் சாதம் போட்டாள். அவள் பாத்திரத்தோடு பின்பக்கம் போனதும் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு, தனசேகரன் இப்போதும் தயாராக இருக்கிறார் என்று ஆரம்பித்தாய். நானும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன். கேஸ் முடியப் போகிறது, தீர்ப்பு வரட்டும் என்றேன்.

நீ கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். "அவர் கட்டுன செவுருல நீ மாட்டல மாப்ள. நீ போட்ட கோட்டுல நீயே மாட்டிகினு கீற. அழிச்சிட்டு வெளிய வா."

அதைச் சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்தாய். நான் முதலில் நடிப்பு என்று நினைத்தேன். இதைச் செல்வியிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

தோப்பில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். உன்னைக் கட்டிலில் கிடத்தித் தூக்கினோம். சந்து முனையில் கட்டில் சிக்கியது. நேராக நுழைத்தோம், சாய்த்தோம், பின்னால் இழுத்தோம், மறுபடி நுழைத்தோம். இரண்டரை அடி சந்து, மூன்றடிக் கட்டில். கணக்கு படித்தவன் நான் முன்னால் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்தேன். ஏரி கரை தளும்ப நின்றது, பின்பக்கம் போக வழியில்லை. நீதான் கண்ணைத் திறந்தாய். "கட்டிலை வுடு. சேரு. முன்னால ஒர்த்தன், பின்னால ஒர்த்தன்" என்றாய். பிளாஸ்டிக் நாற்காலியில் உன்னை உட்காரவைத்துக் கொண்டுபோனோம். மூச்சு இரைக்கும்போதும் நீதான் வழி சொல்ல வேண்டியிருந்தது.

ஆட்டோவில் உன் தலை என் தோளில் இருந்தது. செங்கல்பட்டுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது கனத்தது. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே என்றார். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்களா மச்சான்? கட்டிலோடு நாங்கள் போராடியது எவ்வளவு நேரம் இருக்கும்? பத்து நிமிஷமா? அந்தப் பத்து நிமிஷம் போதுமாக இருந்திருக்குமா? இரண்டு வருஷமாக இந்தக் கணக்கைப் போடுகிறேன். விடை வரவில்லை. வந்தாலும் என்ன செய்வேன்?

இப்போது சேதி.

நான் ஜெயித்துவிட்டேன். ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. லேஅவுட் வரைபடத்தை ஆதாரமாக ஏற்று, வழி உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். வக்கீல் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். என் கோடு நிஜமாகிவிட்டது. பதினோரு வருஷம் நான் கேட்டது கிடைத்துவிட்டது. தீர்ப்பு நகலோடு சந்தில் நடந்து வந்தேன், வழக்கம்போல ஒருக்களித்து. மதில் அப்படியே இருந்தது. அடுத்த வாரமே தனசேகரன் மேல்கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார். இன்னும் எத்தனை வருஷமோ. எனக்கு ஓய்வுக்கு எட்டு வருஷம் இருக்கிறது. கேஸ் அதையும் தாண்டும்.

நடுவில் இன்னொன்று. பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிகள் வந்ததிலிருந்து இந்தப் பக்கமும் அடுக்குமாடிக்காரர்கள் அலைகிறார்கள் அல்லவா, அவர்களில் ஒருவர் தனசேகரன் நிலத்தைக் கேட்கிறார். பொங்கலுக்குள் முடிக்க வேண்டுமாம். போன மாதம் தனசேகரனே சந்தில் நுழைந்து வந்தார். அவருக்கு உடம்பு பெருத்துவிட்டது, அவர் விட்ட சந்தில் அவரே சிரமப்பட்டுத்தான் வந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே பேசினார்.

"ஏழுமல அண்ணாத்த சொன்ன அதே பேச்சுதான் சார். ரோட்டோரம் ஒரு கிரவுண்டு. அவரு ஆசைப்பட்டாரு. நான் இன்னும் மாத்தல. ஆனா இங்க வழி எப்பவும் கிடையாதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். இல்லன்னா அவங்க வாங்க மாட்டாங்க. அவங்க வேற ஆளுகிட்ட போய்ட்டா எனக்கும் ஒண்ணுமில்ல, ஒங்களுக்கும் ஒண்ணுமில்ல."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் போன பிறகு செல்வி கேட்டாள், ஜெயித்த கேஸில் வழி இல்லை என்று ஏன் எழுத வேண்டும், அண்ணன் ஏன் அதை விரும்பினான் என்று. மூன்று வாரம் அவளுக்குப் பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். நீ கதவைவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னாயே, அதை முயன்று பார்த்தேன். என் கேள்வி எப்போதும் தனசேகரனை எப்படித் தோற்கடிப்பது என்பதாகவே இருந்தது. வீட்டுக்கு எப்படி வழி கிடைக்கும் என்று நான் ஒருநாளும் கேட்கவே இல்லை. நீ அதைத்தான் கேட்டாய். இதைப் புரிந்துகொள்ள எனக்கு உன் சாவு தேவைப்பட்டது என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுகூட இல்லை. ஜெயித்த பிறகுதான் புரிந்தது.

ஆறு நாள் முன்பு, செல்வி அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அந்தப் படம் நான் வரைந்தது, அங்கே வழி இருந்ததே இல்லை என்று. முறம் நின்றது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எப்பத்துலருந்து?"

மதில் எழுப்பிய வாரத்திலிருந்து.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "ரெண்டு பேரும் சேந்து என்னை அந்தச் சந்துல நடக்க வுட்டீங்க" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அவள் சொன்னதில் உன் பங்கும் இருக்கிறது மச்சான். உலகத்தில் எல்லா முடிச்சையும் வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்த நீ, இதற்கு மட்டும் நேரான வழி ஒன்று இருந்ததே, உன் தங்கையிடம் சொல்வது, அதை ஏன் விட்டாய்? எனக்காகவா? என் மானத்தைக் காப்பாற்றவா? யார் கேட்டது உன்னை? இந்தக் கோபத்தை நான் யாரிடம் தீர்ப்பேன்? நீ சொல்லியிருந்தால் அவள் அன்றே என்னைப் பிடித்து உலுக்கி, அந்த வருஷமே கதவைக் கழற்ற வைத்திருப்பாள். உன்னை நான் இப்படிக் குற்றம் சாட்டுவது தப்பிப்பதற்காகத்தான் என்றும் தெரிகிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தனசேகரனிடம் சம்மதம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து. என்னிடம் உண்மையைக் கேட்டுக்கொண்ட வக்கீல் ஒரு வாசகம் தயார் செய்து கொடுத்திருக்கிறார். "மேற்படி வரைபடத்தில் கண்ட வழி தவறுதலாகக் காட்டப்பட்டது" என்று. யார் காட்டியது, யார் தவறியது, ஒன்றும் இல்லை. அது போதும் சார், உங்கள் பெயர் எதற்கு, அரசு வேலை வேறு, கோர்ட்டில் வேறு அந்தப் படத்தைக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார். நியாயம்தான். நான் வரைந்தது தெரிந்தால் என்ன நடவடிக்கை வரும், எட்டு வருஷத்தில் எவ்வளவு மிஞ்சும், தெரியாது. அந்தக் காகிதத்தை நேற்று மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுழையவும் இடம் இருக்கிறது, ஒளியவும் இடம் இருக்கிறது, நல்ல வாசகம்.

இன்று படையல் முடிந்து, இலையை எடுத்துக்கொண்டு போன செல்வி திரும்பி வந்தாள். கோபம் வந்தால் உன் தங்கை என்னை நீ என்பாள், உனக்குத் தெரியும். மேசையில் இருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"எப்ப கையெழுத்து?"

"வெள்ளிக்கிழமை."

"நானும் வரேன். நீ இன்னா எழுதறன்னு நான் படிக்கணும்."

சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான்.

அவள் ஐந்தாவது வரை படித்தவள். வக்கீல் தமிழ் அவளுக்கு ஓடாது. "மேற்படி" என்ற இடத்திலேயே நின்றுவிடுவாள். எனவே அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, வேறு எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் நிற்காமல் போகிற மாதிரி, பெரிய எழுத்தில். இங்கே வழி இருந்ததே இல்லை. வரைந்தவன் நான். வக்கீல் தலையில் அடித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை திருப்போரூர் பத்திர ஆபீசில் உன் தங்கை அதைப் படித்து முடிக்கும்வரை நான் பேனாவைத் திறக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் தங்கை வீட்டுக்காரன்,
உன்னை மச்சான் என்று கூப்பிட இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாதவன்.